எட்டு காலு, ஒரே ஓட்டை: நட்சத்திரத் தையல் கத்துக்கிட்ட நாலு நாள்

இந்த வாரம் கோடிங் இல்லை, வேலை மாத்தற கதையும் இல்லை. ஒரு ஊசி, ஒரு நூல், எட்டு கால் இருக்கற ஒரு நட்சத்திரம். காதால கேட்டே புரியற மாதிரி சொல்லப் பார்க்கறேன். பக்கத்துல கட்டம் போட்ட நோட்டு இருந்தா எடுத்து வச்சுக்கோங்க, உதவும்.

நான் இப்ப விழிதியூர்ல, எங்க வீட்டுல இருந்துதான் வேலை பார்க்கறேன். அம்மா ஜாக்கெட் தைப்பாங்க, கை எம்பிராய்டரி ஆர்டரும் எடுப்பாங்க. போன மாசம் கொல்லைப்புறத்துல வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டுல மாவுக்கட்டு. அப்போ கையில இருந்தது ஒரு மேஜை விரிப்பு. வரிசைக்கு 12 நட்சத்திரம், மொத்தம் அஞ்சு வரிசை. மூணு வரிசை முடிஞ்சிருந்தது. ஆர்டர் கொடுத்தவங்க பிரான்ஸ்ல இருக்கற காரைக்கால் குடும்பம், ஞாயித்துக்கிழமை ஃப்ளைட். விழுந்தது புதன்கிழமை. அட்வான்ஸ் வாங்கி அது செலவும் ஆயாச்சு.

நான் முதல்ல சொன்னது என்ன தெரியுமா? "டவுன்ல கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடையில கொடுத்துடலாம்மா." அம்மா கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "எட்டு தடவை ஒரே ஓட்டையில மெஷினை இறக்கச் சொல்லு பார்ப்போம்"னாங்க. அப்புறம் தேடிப் படிச்சா, அவங்க சொன்னது சரி. மெஷின்ல மேல ஒரு நூல், கீழ பாபின்ல ஒரு நூல். ஒவ்வொரு குத்துலயும் ரெண்டும் முடிச்சுப் போட்ட மாதிரி பின்னிக்கும். ஒரே புள்ளியில திரும்பத் திரும்பக் குத்தினா அங்க நூல் குவியும், அறுந்தும் போகும். அதனால டிசைன் பண்றவங்க குத்தற இடங்களைக் கொஞ்சம் தள்ளித் தள்ளித்தான் வைப்பாங்க. கையால போடற நட்சத்திரத்துல இருக்கறது ஒரே நூல். நடுவுல அது எட்டு தடவை இறங்கும். ஒவ்வொரு தடவையும் இழுக்கறப்ப துணியோட இழைகள் விலகி, நடுவுல ஒரு குட்டி வட்ட ஓட்டை திறக்கும். அந்த ஓட்டைதான் அழகே. இங்கிலீஷ்ல இந்தத் தையலுக்கு அல்ஜீரியன் ஐ-னு ஒரு பேரு உண்டு, அதாவது அல்ஜீரியக் கண்.

துணி மேட்டித் துணி. இழைகள் சின்னச் சின்னக் கட்டமா நெய்திருக்கும், கட்டத்தோட மூலையில ஊசி போற இடைவெளி தெரியும். வரைய வேண்டாம், எண்ணினாப் போதும். (நீலகிரியில தோடர் பெண்கள் போடறதும் இப்படி இழை எண்ணிப் போடற எம்பிராய்டரிதான். 2013ல புவிசார் குறியீடு கிடைச்சது.) ஊசி முனை மழுங்கினதா இருக்கணும். கூர் ஊசி இழையைக் குத்திடும், மழுங்கின ஊசி இழைக்கு நடுவுல நுழையும்.

இப்ப நோட்டை எடுங்க. நடுவுல ஒரு புள்ளி. அதுல இருந்து வடக்கே மூணு கட்டம் எண்ணி ஒரு புள்ளி. கிழக்கு, தெற்கு, மேற்குக்கும் அதே மாதிரி. மூலைத் திசைகளுக்கு மட்டும் மூணு வேண்டாம், ரெண்டு கட்டம் குறுக்கா. ஏன் ரெண்டு? எனக்கு இங்கதான் பல்பு எரிஞ்சது. கட்டத்தோட மூலைவிட்டம் பக்கத்தை விட 1.41 மடங்கு நீளம். ரெண்டு மூலைவிட்டம்னா 2.83. நேர்க்கால் 3, குறுக்குக்கால் 2.83, கிட்டத்தட்ட சமம். அதனால நட்சத்திரம் உருண்டையாத் தெரியும். ரெண்டுக்கு ரெண்டுன்னு எண்ணினா சதுரமாயிடும். அம்மாகிட்ட பித்தாகரஸ் கதையைச் சொன்னேன். "மூணும் ரெண்டும்தான் கண்ணுக்கு நல்லா இருக்கும்டா, இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு"ன்னாங்க.

சரி, ஊசி எந்த வழியா போகுது? வடக்குப் புள்ளியில அடியில இருந்து மேல வரும், நடு ஓட்டையில கீழ இறங்கும். வடகிழக்குல மேல வரும், நடுவுல இறங்கும். இப்படியே எட்டுத் திசையும் சுத்தி வரணும். வெளியில ஏறணும், நடுவுல இறங்கணும். இதை மாத்தவே கூடாது.

நான் மாத்தினேன். நடுவுல ஏறி வெளியில இறங்கினேன். கோடு ரெண்டு புள்ளிக்கு நடுவுலதானே, எந்தப் பக்கம் ஆரம்பிச்சா என்னன்னு நினைச்சேன். எங்க பாஷையில சொன்னா, திசையே இல்லாத கிராஃப்னு முடிவு பண்ணிட்டேன். முன்பக்கம் பார்த்தா முதல் நாலு கால் அருமையா இருந்தது. அஞ்சாவதுல இருந்து பிரச்சினை. ஏற்கனவே நூல் நெருங்கி நிக்கற ஓட்டைக்குள்ள ஊசி அடியில இருந்து வந்தா, பழைய நூலைக் குத்திப் பிரிச்சு, அதோட இழையையும் மேல இழுத்துட்டு வருது. நடு ஓட்டை பஞ்சு அடைச்ச மாதிரி ஆயிடும். மேல இருந்து இறங்கினா அதே ஊசி பழைய நூல்களை ஓரமாத் தள்ளி வழி பண்ணிக்குது.

அம்மா முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. துணியைத் திருப்பினாங்க, ஒரு செகண்ட் பார்த்தாங்க, "பிரி"ன்னாங்க.

இன்னொரு தப்பும் பின்பக்கத்துலதான். ஒரு நட்சத்திரம் முடிஞ்சு அடுத்ததுக்குப் போறப்போ, நூலை நடு ஓட்டைக்குக் குறுக்கா இழுத்துட்டுப் போயிட்டேன். ஓட்டை மறைஞ்சு போச்சு. பின்னாடி இருக்கற கால்களுக்கு அடியில நூலை நுழைச்சு ஓரமாத்தான் போகணும். முடிச்சும் போடக் கூடாது, இஸ்திரி போட்டா புடைச்சுத் தெரியும். ஆரம்பிக்கறப்போ வால் கொஞ்சம் விட்டு, அதை மேல வர்ற கால்களுக்கு அடியில சிக்க வைக்கறதுதான் வழி.

நூல் கணக்கு: என் கட்டம் சுமார் 2 மில்லிமீட்டர். முன்னாடி எட்டு கால், பின்னாடி போற தூரம் எல்லாம் சேர்த்தா ஒரு நட்சத்திரத்துக்குச் சுமார் 9 சென்டிமீட்டர். ஒரு முழம் நூல்ல நாலு போடலாம். நீளமா எடுத்தா வேலை சீக்கிரம் முடியும்னு தோணும். முடியாது, துணிக்குள்ள போய்ப் போய் நூல் சொரசொரப்பாயிடும், முறுக்கிக்கும். முறுக்கினா ஊசியை அப்படியே தொங்க விடுங்க, அது தானாச் சுத்தி முறுக்கு அவிழ்ந்துடும்.

நூல் வாங்க பஸ் பிடிச்சு காரைக்கால் போனப்போ, வழியில போன்ல படிச்சது ஒண்ணு சொல்லியே ஆகணும். டிஎம்சி-னு பிரெஞ்சு எம்பிராய்டரி நூல் பிராண்ட் இருக்குல்ல, அதோட தொடக்கம் 1746, முலூஸ் நகரத்துல. காரைக்கால் பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போய் ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. அப்போ அவங்க வேலை நூல் இல்லை, பருத்தித் துணியில அச்சடிக்கறது. இந்தியாவுல இருந்து, நம்ம சோழமண்டலக் கரையில இருந்தும்தான், போன பூப்போட்ட துணிகளைப் பார்த்து அதே மாதிரி செய்யறது. பிரான்ஸ்ல அந்தத் துணிக்கு அப்போ தடை. முலூஸ் அப்போ பிரான்ஸோட சேராத தனி நகரம், அதனால தப்பிச்சுது. நம்ம துணியைக் காப்பியடிச்சு ஆரம்பிச்ச கம்பெனியோட நூல்ல, பிரான்ஸ் போற விரிப்புக்கு நான் நட்சத்திரம் போட்டிருக்கலாம். ஆனா கடையில ஆங்கர்தான் இருந்தது.

சனிக்கிழமை ராத்திரி 24ம் முடிஞ்சது. அம்மாவுக்கு ஒண்ணு போட நாலு நிமிஷம். எனக்கு முதல்ல 20 நிமிஷம், கடைசியில எட்டு. விரிப்பை டியூப்லைட்டுக்கு முன்னாடி தூக்கிப் பிடிக்கச் சொன்னாங்க. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நடுவுல ஒரு புள்ளி வெளிச்சம் வரணும். மேல மூணு வரிசையில 36ம் வந்தது. என் ரெண்டு வரிசையில 19தான் வந்தது. மிச்சம் அஞ்சை இடது கை விரலால ஒவ்வொண்ணாக் காட்டினாங்க. பிரிச்சு, மறுபடி போட்டு முடிக்க ஒண்ணரை மணி ஆச்சு.

மறுநாள் காலையில அந்த அக்கா வந்தாங்க. அம்மா கட்டுப் போட்ட கையை ஒளிக்கல. "கடைசி ரெண்டு வரிசை பையன் போட்டதும்மா, பார்த்துக்கங்க"ன்னு அவங்களே சொல்லிட்டாங்க. நான் உள் ரூம்ல லேப்டாப்பைத் திறந்து வச்சுட்டு வேலை பார்க்கற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்த அக்கா துணியை எடுத்தாங்க, திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாங்க, கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மிச்சப் பணத்தை எண்ணி வச்சுட்டு, தலையணை உறை ரெண்டு ஜோடிக்கு அளவு கொடுத்தாங்க.

கட்டுப் பிரிக்க இன்னும் மூணு வாரம் இருக்கு. தலையணை உறைக்கு நட்சத்திரம் மொத்தம் 40.