கோடையில் காட்சித் தோட்டம்

கிருஷ்ணகிரியில் மாம்பழப் பருவந்தோறும் மாங்கனிக் கண்காட்சி நடத்துவது பல ஆண்டு வழக்கம். அதனை ஒட்டி நம் சங்கங்களும் தத்தம் வளாகத்தில் காட்சித் தோட்டம் அமைக்க விழைவது வரவேற்கத்தக்கதே. ஆயினும், அத்தோட்டம் யாருக்காக, எந்தப் பருவத்தை நம்பி அமைக்கப்படுகிறது என்பதை முன்னரே சிந்தித்தல் நலம்.

அண்டையிலுள்ள பெங்களூர் லால்பாக்கை எடுத்துக்கொள்வோம். 1760-ஆம் ஆண்டில் ஹைதர் அலி தொடங்கிய அத்தோட்டத்தின் மலர்க் கண்காட்சிகள் குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டியே நடைபெறுகின்றன. சித்திரை வெயிலில் அல்ல. உதகமண்டலத்தில் மே மாதத்தில் நடக்கிறதே எனலாம். அவ்வூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஓசூரோ சுமார் 900 மீட்டர். கிருஷ்ணகிரி ஏறக்குறைய 500 மீட்டரே. பிற ஊரின் அழகைக் கண்டு மகிழலாம். அதன் குளிர்ச்சியை இரவல் வாங்க இயலாது.

ஓர் ஊரில் திறப்பு விழாவிற்கு இரண்டு நாள் முன்பு லாரியில் பூஞ்செடிகள் வந்திறங்கி அவசரமாக நடப்பட்டதை அறிவேன். விழா சிறப்பாக முடிந்தது. பத்து நாட்களில் செடிகள் சருகாயின. சங்கத்திற்கு நேர்ந்த செலவு சிறிதே. அக்காட்சியை நம்பிக் கடன் பெற்று, அதே கோடையில் கன்று நட்ட அங்கத்தினர்களின் நஷ்டமே பெரிது. கன்றுகள் பட்டுப்போயின; கடன் மட்டும் வேர் பிடித்தது.

காரணம் எளியது. பிடுங்கி நடும்போது செடியின் நுண்ணிய வேர்கள் அறுபடுகின்றன. கடும் வெயிலில் இலைகள் இழக்கும் நீரை எஞ்சிய வேர்களால் ஈடுசெய்ய முடிவதில்லை. நண்பகலில் குடம் குடமாக ஊற்றினும் பயன் சொற்பமே.

ஆகவே, கோடையைப் பெரும்பாலும் ஆயத்தத்திற்கே ஒதுக்க வேண்டும். பாவு ஆயத்தமாகாமல் ஊடை ஓட்ட முடியாது என்பதை நெசவாள அன்பர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. மாங்கன்றுக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டராகக் குழி எடுத்துச் சில வாரங்கள் ஆறப்போட வேண்டும். பின்னர் மேல்மண்ணுடன் மட்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி, ஆடிக்குமேல் மழை கண்டு ஒட்டுக்கன்றை நடலாம். காட்சி நாளில் ஒன்றிரண்டு குழிகளை நிரப்பாமலே விட்டு, அருகில் ஒரு பலகையில் அளவையும் செலவையும் எழுதி வைத்தால், காண்போருக்கு அதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

வண்ணம் வேண்டுமெனில், வெயில் தாங்கும் செண்டுமல்லி, கோழிக்கொண்டை, வாடாமல்லி ஆகியவை உள்ளன. செண்டுமல்லி நாற்று வளர ஒரு மாதமும், நட்டபின் பூக்க ஏறக்குறைய இரண்டு மாதங்களும் ஆகும். ஜூன் இறுதியில் காட்சி எனில், மார்ச் இறுதியிலேயே விதைத்தாக வேண்டும். நாற்றை மாலை வேளையில் நட்டு, முதல் வாரம் தென்னங்கீற்றால் நிழல் தந்து, வேரடியில் வைக்கோல் பரப்பி ஈரம் காக்க வேண்டும்.

முன்பே நட்ட இளங்கன்றுகளுக்குப் பானைப் பாசனம் ஏற்றது. மெருகிடாத மண்பானையைக் கன்றருகே கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடிவிட்டால், நீர் சிறிது சிறிதாகக் கசிந்து வேருக்குச் சேரும். சிறு விவசாயியும் மேற்கொள்ளத்தக்க முறை இது. அவர் வீட்டில் செய்ய முடியாத எதையும் காட்சித் தோட்டத்தில் வைப்பதால் அவருக்கு ஆவதென்ன?

தோட்டத்தின் வெற்றியைத் திறப்பு விழாக் கூட்டத்தைக் கொண்டு அளத்தல் கூடாது. நட்ட செடிகளைப் பதிவேட்டில் குறித்து வைத்து, தைத் திங்களில் உயிரோடிருப்பவற்றை எண்ணி, அவ்விரு எண்களையும் பேரவையில் படித்துக் காட்டுமாறு சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். கடன் விண்ணப்பம் எழுதுமுன் அங்கத்தினர் அறிய வேண்டிய கணக்கு அதுவே.