கல்லைக் குடையும் பட்டன், வளைந்து நிமிரும் பட்டை

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் வண்டிகள் நிற்கும் இடத்தில், கழற்றிப் போட்ட பழைய துளையிடும் பிட் ஒன்றைப் பார்த்தால் கொஞ்சம் உட்கார்ந்து கவனியுங்கள். ஆறரை இஞ்ச் பிட்டைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். அதன் முகத்தில் சாம்பல் நிறத்தில் குமிழ் குமிழாகப் பட்டன்கள் பதிந்திருக்கும். உடம்பு எஃகு. பட்டன்கள் டங்ஸ்டன் கார்பைடு. இரண்டையும் ஏன் சேர்க்க வேண்டும், எது பலமோ அதிலேயே முழு பிட்டையும் செய்தால் என்ன?

நம் பகுதியின் பாறைகளில் குவார்ட்ஸ் நிறைய உண்டு. வைர முனையை அழுத்திப் பதியும் குழியை அளந்து கடினத்தன்மை சொல்லும் விக்கர்ஸ் சோதனையில் குவார்ட்ஸ் 1,100 அளவில் நிற்கிறது. நன்றாகக் கடினப்படுத்திய எஃகுகூட 800-ஐச் சுற்றித்தான். அதாவது கல் எஃகைத் தின்றுவிடும். டங்ஸ்டன் கார்பைடு பட்டன் 1,300-ஐத் தாண்டும். அதனால் கல் தோற்கிறது.

அப்படியானால் முழு பிட்டும் கார்பைடாக இருக்கட்டுமே என்று தோன்றும். போர்க்குழிக்குள் நடப்பது உராய்வு மட்டும் இல்லை. கம்பரசர் காற்றில் ஹேமர் நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் பிட்டின் தலையில் அடிக்கிறது. எஃகுக்குள் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர முடியும். நுண்ணிய விரிசல் ஒன்று தோன்றினாலும் அதன் முனையில் உலோகம் சற்று நெகிழ்ந்து கூர்மையை மழுங்கடித்துவிடும். கார்பைடில் அந்த வழுக்கல் மிகக் குறைவு. அது கடினமாக இருப்பதற்கும் அடி தாங்காமல் நொறுங்குவதற்கும் காரணம் ஒன்றேதான். கடினத்தைக் கூட்டினால் நொறுங்குதன்மையும் கூடவே வரும். உலோகத் தொழிலில் பாதி உழைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் சமரசம் தேடுவதில்தான் போகிறது என்பது என் எண்ணம்.

பட்டனுக்குள்ளேயே அந்தச் சமரசம் இருக்கிறது. கார்பைடு பொடியோடு நூற்றுக்கு ஆறு முதல் பத்துப் பங்கு கோபால்ட் கலந்து, அழுத்தி, சுமார் 1,400 டிகிரியில் சுட்டு எடுக்கிறார்கள். மென்மையான கோபால்ட் துகள்களைப் பிடித்து நிறுத்துகிறது. 1920-களில் ஜெர்மனியில் பிறந்த இந்தப் பொருளை குருப் நிறுவனம் விடியா என்ற பெயரில் விற்றது. நம் லேத் பட்டறைகளில் இன்றும் ‘விடியா டிப்’ என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள்.

பட்டனைவிடச் சற்றே சிறிய துளையில் அதை இறுக்கிப் பதித்திருப்பார்கள். சூடானால் எஃகு விரிகிற அளவில் ஏறக்குறைய பாதிதான் கார்பைடு விரியும். பிட் அளவுக்கு மீறிச் சூடேறினால் துளை பெரிதாகி, பட்டன் தளர்ந்துபோகும். தேய்ந்து தட்டையான பட்டனைக் கிரைண்டிங் செய்யும்போது தண்ணீர் விடுவதைச் சிலர் நேரம் மிச்சம் என்று தவிர்க்கிறார்கள். அந்த மிச்சம் முந்நூறு அடி ஆழத்தில் செலவாகிவிடும்.

லாரிகள் நிறைந்த நாமக்கல்லில் கேள்வியே வேறு. லாரியின் ஸ்பிரிங் பட்டைக்கு வேண்டியது மீட்சித்தன்மை: பாரத்தில் வளைய வேண்டும், இறக்கியதும் நிமிர வேண்டும். பட்டை எஃகு கட்டுக்கம்பியைவிட விறைப்பானது என்றே பலரும் நினைக்கிறோம். யங் குணகம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், 200 கிகாபாஸ்கல். ஒரே அளவில் வெட்டி ஒரே பாரம் ஏற்றினால் இரண்டும் முதலில் ஒரே அளவுதான் வளையும். மீட்சி எல்லையில்தான் வித்தியாசம். சாதாரண இரும்பு 250 மெகாபாஸ்கல் அளவிலேயே நிரந்தரமாக வளைந்துவிடும். சூடாக்கி எண்ணெயில் குளிரவைத்து மறுபடி பதமாக்கிய பட்டை 1,000-ஐத் தாண்டியும் பழைய நிலைக்குத் திரும்பும்.

அந்தக் குணம் முழுக்க அந்தச் சூட்டுப் பதத்தில் இருக்கிறது. உடைந்த மெயின் பட்டையை வழியில் வெல்டிங் வைத்து ஓட்டுவது ஏன் ஆபத்து என்பதும் இதிலேயே தெரியும். வெல்டிங் சூட்டில் ஒட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடம் அளவுக்கு மீறிக் கடினமாகி நொறுங்கும் நிலைக்கு வரும், அதை ஒட்டிய இடம் இளகி வலிமை இழக்கும். பட்டை தாங்கியதுபோல் தெரியும், ஏதாவது ஒரு பள்ளத்தில் கைவிடும். ஓட்டுநரின் உயிர் இருக்கும் இடத்தில் இந்தச் சிக்கனம் கூடவே கூடாது.

பட்டை பெரும்பாலும் ஒரே அடியில் உடைவதில்லை. அது உடையும் விதத்தை உலோகச் சோர்வு என்பார்கள். எல்லைக்கு உட்பட்ட பாரமே லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கும்போது, ஒரு கீறலிலோ துருக்குழியிலோ விரிசல் தொடங்கி மெல்ல வளரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துச் சோதித்து இதை எண்களில் காட்டினார்.

உடைந்த பட்டையின் முகத்தைத் துடைத்துப் பார்த்தால் இரண்டு பகுதி தெரியும். ஒன்று வழவழப்பாக, வளைவு வளைவான கோடுகளோடு இருக்கும். விரிசல் நாள்பட வளர்ந்த இடம் அது, பெரும்பாலும் துருவேறிப் பழுப்பாகியிருக்கும். மற்றது கடைசி நொடியில் முறிந்த சொரசொரப்பு. வழவழப்பான பகுதி பெரிதாக இருந்தால் பாரம் அதிகமில்லை, விரிசலை நாள்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. சிறிதாக இருந்து மீதி முழுதும் சொரசொரப்பென்றால் வண்டியில் ஏற்றிய பாரத்தைத்தான் விசாரிக்க வேண்டும்.