வகுப்பறையில் பிறந்த பாட்டுக் குழு

லண்டனில் குடியேறியவர்களின் பிள்ளைகள் உலக மேடை ஏறிய கதை

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு ஒரு கேள்வி நன்றாகப் பழக்கம். "உனக்கு எந்த ஊர்?" என்பதே அது. அன்போடு கேட்பவர்கள் உண்டு. "இங்கே உனக்கு என்ன வேலை?" என்ற பொருளில் கேட்பவர்களும் உண்டு. கேட்பவரின் குரலை வைத்தே வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

மும்பையில் வேலை பார்க்கும் நமக்கே அந்தக் கேள்வி சில சமயம் சுருக்கென்று தைக்கிறது. கடல் கடந்து லண்டனுக்குப் போன இந்தியர், பாகிஸ்தானியர், வங்காள தேசத்தவர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும்? அவர்கள் பிறந்ததே அந்த ஊரில்தான். ஆனாலும் "உன் ஊருக்குத் திரும்பிப் போ" என்ற பேச்சு அவர்களை விடவில்லை.

அந்தப் பேச்சுக்குப் பாட்டாலேயே பதில் சொன்ன குழு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் 'ஏஷியன் டப் பவுண்டேஷன்'. 1993-ம் ஆண்டு லண்டனில் தொடங்கிய இந்தக் குழு, இன்றைக்கு முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

ரேடியோ மெக்கானிக் தந்த இசை

குழுவின் பெயரில் உள்ள 'டப்' என்ற சொல்லை முதலில் பார்த்துவிடுவோம். அது ஒரு வகை இசையின் பெயர். பிறந்த இடம் மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள ஜமைக்கா. அதை வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஒரு ரேடியோ மெக்கானிக்.

கிங்ஸ்டன் நகரில் ஆஸ்போர்ன் ரட்டாக் என்பவர் ரேடியோ, ஆம்ப்ளிபையர் முதலியவற்றைப் பழுது பார்த்து வந்தார். 'கிங் டப்பி' என்பது ஊரார் வைத்த பெயர். நம் ஊர்த் திருவிழாவில் ஒலிபெருக்கி செட் போடுவதைப் போல, கிங்ஸ்டன் தெருக்களில் பெரிய பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி, இசைத்தட்டு போட்டு ஆடுவார்கள். டப்பியும் அப்படி ஒரு செட் வைத்திருந்தார்.

1960-களின் கடைசியிலும் 70-களிலும் அவர் ஒரு புதுமை செய்தார். பதிவான பாட்டில் பாடகரின் குரலைப் பெரும்பாலும் எடுத்துவிடுவார். தாளத்தையும், அடிவயிற்றில் அதிரும் 'பேஸ்' கிதாரின் ஒலியையும் தூக்கிவிடுவார். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குரலை எதிரொலியோடு மிதக்க விடுவார். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் இயந்திரமே அவர் கையில் வாத்தியம் ஆகிவிட்டது.

குரலை எடுத்த இடம் காலியாகக் கிடக்கும் அல்லவா? அங்கே மைக் பிடித்தவர், தன் தெருவின் கதையைத் தாளத்துக்கு ஏற்றபடி சொல்லலாம். 1948-ல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் வந்த நாள் முதல் ஜமைக்கா மக்கள் வேலை தேடி இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். அவர்களோடு இந்த இசையும் லண்டனுக்கு வந்து சேர்ந்தது.

கோடைக்கால வகுப்பு

லண்டனில் பாரிங்டன் என்ற பகுதியில் 'கம்யூனிட்டி மியூசிக்' என்ற நிலையம் இருந்தது. 1993 கோடையில் அங்கே ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடந்தது. கம்ப்யூட்டரையும் ஒலிப்பதிவுக் கருவிகளையும் கொண்டு இசை அமைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

சொல்லிக்கொடுத்தவர் அனிருத்த தாஸ். பேஸ் கிதார் வாசிப்பவர். உடன் இருந்தவர் ஜான் பண்டிட். இளைஞர் நலப் பணி செய்துகொண்டே இசைத்தட்டு போடும் கலையிலும் தேர்ந்தவர். வகுப்புக்கு வந்த மாணவர்களில் ஒருவன் டீடர் ஜமான். 15 வயது வங்காளிச் சிறுவன். மைக்கைப் பிடித்தால் சொற்கள் மழையாகக் கொட்டும்.

ஆசிரியர்கள் இருவர், மாணவன் ஒருவன். இந்த மூவரும் சேர்ந்ததுதான் ஏஷியன் டப் பவுண்டேஷன்.

அந்த ஆண்டு லண்டனில் சாதாரண ஆண்டு அல்ல. ஏப்ரல் மாதம் பஸ்ஸுக்காகக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயது கறுப்பின மாணவரை நிறவெறி பிடித்த வெள்ளை வாலிபர்கள் குத்திக் கொன்றார்கள். செப்டம்பரில், வங்காளிகள் நிறைந்த டவர் ஹாம்லெட்ஸ் வட்டாரத்தில் நடந்த நகரசபை இடைத்தேர்தலில் நிறவெறிக் கட்சியின் வேட்பாளர் ஜெயித்தார். அப்படிப்பட்ட நாட்களில், நிறவெறிக்கு எதிரான கூட்டங்களில்தான் இந்தக் குழு வாசிக்கத் தொடங்கியது.

1994-ல் கிதார் கலைஞர் ஸ்டீவ் சந்திரா சவாலே வந்து சேர்ந்தார். கிதாரின் தந்திகளை எல்லாம் ஒரே சுருதிக்குக் கூட்டி வாசிப்பது இவருடைய பாணி. தம்பூராவைப் போன்ற கார்வை பின்னால் ஒலிக்க, நிமிஷத்துக்கு 160 தட்டுகளுக்கு மேல் ஓடும் 'ஜங்கிள்' தாளம் முன்னால் பாயும். அடியில் டப் இசையின் அதிர்வு. மேலே டீடரின் குரல். இதுதான் அவர்களுடைய இசை.

உள்ளூரில் போகாத சரக்கு

1995-ல் 'பாக்ட்ஸ் அண்ட் பிக்ஷன்ஸ்' என்ற முதல் தொகுப்பு வெளிவந்தது. இங்கிலாந்தில் அது பெரிதாக விற்கவில்லை. ஆசியர் என்றால் சிதார் வாசிக்க வேண்டும், சாந்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்த கடைக்காரர்களுக்கு இதை எந்த அலமாரியில் வைப்பது என்றே புரியவில்லை போலும்!

ஆனால் பிரான்சில் கூட்டம் கூடியது. அங்கே நகரத்தின் ஓரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டின் கோபம் புரிந்தது. அடுத்த தொகுப்பு 1997-ல் பிரான்சில்தான் முதலில் வெளிவந்தது. பிறகு 'பிரைமல் ஸ்க்ரீம்' என்ற புகழ்பெற்ற குழு இவர்களைப் பற்றி மேடைதோறும் பேச, சொந்த ஊரும் திரும்பிப் பார்த்தது.

1998-ல் 'ராபிஸ் ரிவெஞ்ச்' என்ற தொகுப்பு, ஆண்டின் சிறந்த இசைத் தொகுப்புக்கான மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் இடம் பெற்றது. பரிசு வேறு குழுவுக்குப் போனது. ஆனால் குழுவின் பெயர் நாடெங்கும் தெரிந்துவிட்டது.

அந்தத் தொகுப்பில் உத்தம் சிங்கைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தபோது பஞ்சாப் கவர்னராக இருந்த ஓட்வயரை, 1940-ல் லண்டன் காக்ஸ்டன் மண்டபத்தில் சுட்டுக் கொன்று தூக்குமேடை ஏறியவர் அவர். அதே லண்டனில் வளர்ந்த பிள்ளைகள், பள்ளிப் பாடத்தில் தங்களுக்குக் கிடைக்காத சரித்திரத்தைப் பாட்டில் எடுத்துவைத்தார்கள்.

ஜெயிலில் இருந்தவருக்காக

அதே தொகுப்பில் இன்னொரு பாட்டு சத்பால் ராம் என்பவரைப் பற்றியது.

1986-ல் பர்மிங்காம் நகர உணவு விடுதி ஒன்றில் சத்பாலுக்கும் வெள்ளையர் கும்பல் ஒன்றுக்கும் தகராறு மூண்டது. உடைந்த கண்ணாடியால் தன்னைத் தாக்கினார்கள் என்றும், உயிர் தப்பவே கத்தியை வீசினேன் என்றும் சத்பால் சொன்னார். காயம்பட்டவர் இறந்துபோனார். கோர்ட்டு சத்பாலுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சாட்சி சொன்ன வங்காளி வெயிட்டர்களின் பேச்சை ஒழுங்காக மொழிபெயர்க்கக்கூட ஆள் இல்லை என்று அவருக்காகப் போராடியவர்கள் குறை கூறினார்கள். பாஷை தெரியாத ஊரில் கோர்ட்டு வாசலில் நிற்பது என்ன என்பதை நம்மில் பலர் அறிவோம்.

குறைந்தபட்சத் தண்டனைக் காலமான 10 ஆண்டுகள் முடிந்தும் அவர் வெளியே வரவில்லை. 2000-ல் விடுவிக்கலாம் என்று பரோல் போர்டு சொன்னதை உள்துறை மந்திரி ஏற்கவில்லை. குழுவினர் போன மேடையில் எல்லாம் இந்த வழக்கைப் பேசினார்கள். ஆட வந்த பல்லாயிரம் இளைஞர்கள் ஒரு கைதியின் பெயரைக் கூவினார்கள். மந்திரிக்கு அப்படித் தடுக்கும் அதிகாரம் இல்லை என்று 2002-ல் ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதையடுத்து ஜூன் மாதம் சத்பால் ராம் விடுதலை ஆனார்.

கதவைத் திறந்தது சட்டம். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை நாடு மறக்காமல் பார்த்துக்கொண்டதில் பாட்டுக்கும் பங்கு உண்டு.

பட்டம் வேண்டாம்

கையில் நாலு காசு சேர்ந்து, பெயரும் கிடைத்தால் பழைய பள்ளிக்கூடத்தை மறப்பது உலக வழக்கம். இவர்கள் மறக்கவில்லை. வகுப்பறையில் பிறந்த குழு, 1990-களின் கடைசியில் தானே ஒரு வகுப்பறையைத் தொடங்கியது. தங்களுக்கு அனிருத்த தாஸ் சொல்லிக்கொடுத்ததுபோல் அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கருவிகளைப் பழக்கும் கல்விப் பிரிவு அது. 2000-ல் வெளிவந்த தொகுப்புக்கு அவர்கள் வைத்த பெயர், தாங்கள் பிறந்த நிலையத்தின் பெயரான 'கம்யூனிட்டி மியூசிக்'தான்.

2002-ல் பிரிட்டிஷ் சர்க்கார் ஜான் பண்டிட்டுக்கு 'எம்.பி.இ.' பட்டம் அளிக்க முன்வந்தது. பலர் ஏங்கும் பட்டம். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கௌரவிக்க விரும்பினால் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் நிலையங்களுக்கு ஒழுங்காகப் பணம் கொடுங்கள் என்பது அவர் கட்சி.

ஏற்றமும் இறக்கமும்

குழுவின் பாதை முழுவதும் மலர் தூவியதாக இருக்கவில்லை. 2000-ம் ஆண்டின் முடிவில் டீடர் விலகி, சமூக உரிமைப் பணிக்குப் போனார். அனிருத்த தாசும் சில ஆண்டுகள் விலகியிருந்து 2013-ல் திரும்பினார். 2006-ல் லிபியாவின் கடாபியைப் பற்றி லண்டன் ஆங்கில தேசிய ஆப்பராவுக்காக இவர்கள் அமைத்த இசை நாடகத்தை விமர்சகர்கள் பலர் வறுத்தெடுத்தார்கள்.

ஆனால் வேறொரு முயற்சி நிலைத்தது. பாரிஸ் நகரத்து ஏழை வாலிபர்களைப் பற்றிய 'லா ஹெய்ன்' என்ற 1995-ம் ஆண்டுப் படத்தைத் திரையில் ஓடவிட்டு, கீழே அமர்ந்து நேரடியாகப் பின்னணி இசை வாசித்தார்கள். 2001-ல் லண்டன் பார்பிகன் அரங்கில் தொடங்கிய அந்த நிகழ்ச்சி பல ஊர்களில் நடந்தது.

கடைசியில் வந்த முதலிடம்

2020 டிசம்பர் 31-ந் தேதி இரவு பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளிலிருந்து முழுமையாக வெளியேறியது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வருவதைத் தடுக்க வேண்டும் என்ற பிரசாரம் அந்த முடிவுக்கு ஒரு முக்கியக் காரணம்.

அந்த வாரத்தில், நகைச்சுவை நடிகர் ஸ்டூவர்ட் லீயின் பேச்சைத் தாளத்தில் கோத்து இந்தக் குழு அமைத்த பாட்டை ரசிகர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். இன்று பல்கேரியர் வருகிறார் என்று புலம்புகிறாயே. அதற்கு முன் இந்தியர் வந்தார், அதற்கும் முன் ஆங்கிலோ-சாக்சன் வந்தார் என்று அந்தப் பேச்சு பின்னோக்கிப் போகிறது. கடலிலிருந்து முதன்முதலாகக் கரையேறிய மீனையும் வந்தேறி என்று திட்டுகிறது! புத்தாண்டு அன்று பிரிட்டனின் பாட்டு விற்பனைப் பட்டியலில் அது முதலிடத்தில் நின்றது.

27 ஆண்டுகளுக்கு முன் "உன் ஊருக்குப் போ" என்று கேட்டு வளர்ந்தவர்கள், அந்த வார்த்தையையே பாட்டாக்கிச் சிரிக்க வைத்துவிட்டார்கள்.

ஒரு கோடை விடுமுறையில், காசில்லாத பிள்ளைகள் வந்து உட்கார ஓர் அறையும், தொட்டுப் பார்க்க நாலு கருவிகளும், சொல்லிக்கொடுக்கப் பொறுமையுள்ள இரண்டு பேரும் இருந்தார்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது. வாராவாரம் கூடும் நம்முடைய சங்கங்களிலும் அப்படி ஓர் அறை காலியாக இருக்கக்கூடும். மாலையில் விளக்கேற்றித் திறந்து வைத்தால், எந்த வீட்டுப் பிள்ளை உள்ளே வருவானோ, வருவாளோ, யார் கண்டது?