நண்பரை விட்டுவிட்டு முந்தினால் தண்டனை! தென்னாப்பிரிக்காவின் ஜோடி சைக்கிள் பந்தயம்

பந்தயம் என்றாலே பக்கத்தில் வருபவரை முந்துவதுதான். பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கும் நூறு மீட்டர் ஓட்டமானாலும் சரி, ஒலிம்பிக் ஆனாலும் சரி, அதுதான் கணக்கு. ஆனால், தென்னாப்பிரிக்காவில் நடக்கும் ஒரு மலை சைக்கிள் பந்தயத்தில், கூட வரும் கூட்டாளியை விட்டு இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகிப் போனால் தண்டனை உண்டு!

'கேப் எபிக்' என்பது அந்தப் பந்தயத்தின் பெயர். கேப் டவுன் நகரைச் சுற்றியுள்ள மலைகளிலும் பள்ளத்தாக்குகளிலும், வழக்கமாக மார்ச் மாதத்தில் எட்டு நாள்கள் நடக்கும். இரண்டு பேர் ஜோடி சேர்ந்துதான் கலந்துகொள்ள வேண்டும். உலக சாம்பியன்கள் ஓட்டும் அதே பாதையில், அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு வரும் சாதாரண ஆட்களும் ஓட்டுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆயிரம் பேருக்கு மேல் கிளம்புகிறார்கள்.

எட்டு நாள், 600 கிலோமீட்டர்

இதைத் தொடங்கியவர் கெவின் வெர்மாக் என்ற தென்னாப்பிரிக்கர். மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டா ரிக்கா நாட்டில் நடக்கும் மலை சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொண்டவருக்கு, 'நம்ம ஊரிலும் இப்படி ஒன்று நடத்தினால் என்ன?' என்று தோன்றியது. 2004-ல் முதல் பந்தயம் நடந்தது. கொரோனா காரணமாக 2020-ல் மட்டும் ரத்தானது. 2021-ல் அக்டோபர் மாதத்துக்குத் தள்ளிப்போனது.

பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனால், தூரம் பெரும்பாலும் 600 முதல் 700 கிலோமீட்டர். தூரத்தைவிட ஏற்றம்தான் ஆளை அசத்தும். எட்டு நாளில் ஏறும் மேடுகளை எல்லாம் கூட்டினால் சுமார் 15,000 மீட்டர் வரும். எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 8,849 மீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால், இதன் கடுமை புரியும்.

தார் ரோடு கொஞ்சம்தான். திராட்சைத் தோட்டத்து வண்டிப்பாதை, கூழாங்கல் நிறைந்த சரிவு, சக்கரம் புதையும் மணல், ஒரே ஒரு சைக்கிள் மட்டும் போகக்கூடிய ஒற்றையடிப் பாதை என்று மாறி மாறி வரும். தென்னாப்பிரிக்காவில் மார்ச் என்பது கோடை முடியும் நேரம். வெயில் இன்னும் தணிந்திருக்காது. நாள் முழுக்க ஓட்டிவிட்டு, மைதானத்தில் வரிசையாகப் போட்டிருக்கும் சின்னக் கூடாரங்களில் தூங்கி எழுந்து, மறுநாள் காலையில் மீண்டும் கிளம்ப வேண்டும்.

ஏன் ஜோடி?

முதல் காரணம், பாதுகாப்பு. ஆள் நடமாட்டமே இல்லாத மலைச் சரிவில் ஒருவர் விழுந்து எலும்பை முறித்துக்கொண்டால், அடுத்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பேருக்கு ஜோடி சேர்ந்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் பறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டு நிமிட விதி. வழியில் உள்ள சோதனை இடங்களில் இருவரின் நேரமும் பதிவாகும். இடைவெளி இரண்டு நிமிடத்தைத் தாண்டினால், அந்த அணியின் நேரத்தில் தண்டனை நேரம் சேரும். மீண்டும் மீண்டும் மீறினால் போட்டியிலிருந்தே விலக்கிவிடுவார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. இருவரில் யார் முதலில் எல்லைக்கோட்டைத் தொட்டாலும் அது கணக்கில் வராது. இரண்டாவது ஆள் வந்து சேரும் நேரம்தான் அந்த அணியின் நேரம்.

இந்த இரண்டு விதிகளும் சேர்ந்து பந்தயத்தையே தலைகீழாக்கிவிடுகின்றன. ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று மட்டும் வேகமாக ஓடி என்ன பயன்? மெதுவாக நடக்கும் மாட்டின் வேகம்தான் வண்டியின் வேகம். இங்கேயும் அப்படித்தான். பலசாலிக்கு மிச்சமிருக்கும் பலத்தைக் கூட்டாளிக்குப் பயன்படும்படி செலவழித்தால்தான் அதற்கு மதிப்பு.

பலத்தைப் பங்கு போடுவது எப்படி?

எதிர்க்காற்று வீசும் சமவெளியில், பலசாலி முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்வார். அவருடைய பின்சக்கரத்தை ஒட்டியே வருபவருக்குக் காற்றின் தடை கணிசமாகக் குறையும். அதே வேகத்தில், குறைந்த உழைப்பில் வர முடியும். செங்குத்தான இறக்கத்தில், சைக்கிளைக் கையாள்வதில் கெட்டிக்காரர் யாரோ அவர் முன்னால் போவார். எந்தக் கல்லுக்கு இடது பக்கம் ஒதுங்குகிறார், எங்கே பிரேக் பிடிக்கிறார் என்று பார்த்துப் பின்னால் வருபவர் அப்படியே செய்துவிடலாம். மேட்டில் வலிமையானவர் இறக்கத்தில் பயந்தவராக இருப்பது சகஜம். அதனால் ஒரே நாளில் குருவும் சீடனும் பத்து முறை இடம் மாறுவார்கள்.

டயர் கிழிந்தாலும் அப்படித்தான். மலை சைக்கிளின் டியூப் இல்லாத டயருக்குள் பால் போன்ற ஒரு திரவத்தை ஊற்றியிருப்பார்கள். முள் குத்தினால் அதுவே ஓட்டையை அடைத்துவிடும். பெரிய கிழிசல் என்றால் நின்றுதான் சரிசெய்ய வேண்டும். ஒருவர் ஓட்டையை அடைக்க, இன்னொருவர் காற்றடிக்கத் தயாராக நிற்பார். கருவிகளையும் இருவரும் பிரித்து எடுத்துக்கொண்டால் ஆளுக்குப் பாதிச் சுமை.

கோபத்துக்குப் பின்னால் பசி

உடம்பைவிட மனசுக்குத்தான் சோதனை அதிகம். பின்தங்குபவருக்கு, 'என்னால்தான் இவருக்குத் தாமதம்' என்ற குற்ற உணர்ச்சி. அதை மறைக்க, தன் சக்திக்கு மீறி மிதிப்பார். முன்னால் போகிறவருக்கு, காத்திருக்கும் எரிச்சல். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், மேட்டின் உச்சியில் நின்று திரும்பிப் பார்க்கும் பார்வையே காட்டிக்கொடுத்துவிடும். பின்னால் வருபவர் மூச்சு வாங்கி வந்து சேர்ந்த அதே நொடியில் முன்னவர் மிதிக்கத் தொடங்கினால், ஓய்வெடுத்தவர் அவர் மட்டும்தான். இவருக்கு ஒரு நிமிடம்கூட ஓய்வு கிடைத்திருக்காது.

இன்னொரு எதிரி, பசி. பல மணி நேரம் விடாமல் மிதிக்கும்போது உடம்பில் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து தீர்ந்துபோகும். கை, கால் துவளும். தலை கிறுகிறுக்கும். அதற்கும் முன்பாகவே பேச்சு குறையும், சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவார்கள். இது பட்டினி கிடப்பவருக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் பதிலுக்குச் சண்டை போடாமல், 'முதலில் இதைச் சாப்பிடு' என்று ஒரு வாழைப்பழத்தை நீட்டுபவர்தான் நல்ல கூட்டாளி.

மாட்டுவண்டித் தடத்தில் சைக்கிள்

சில ஆண்டுகளில் பந்தயப் பாதை, கிராபோ ஊருக்கு அருகே உள்ள 'காந்தோ' கணவாயைக் கடக்கும். 'ஈலண்ட்' எனப்படும் பெரிய மான்களின் வழி என்று அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான கொய் மக்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் ஐரோப்பியக் குடியேறிகள் மாட்டுவண்டிகளில் அதே வழியாகத்தான் மலையைத் தாண்டினார்கள். வண்டிச் சக்கரங்கள் பாறையில் அரைத்த பள்ளங்களை இன்றும் பார்க்கலாம். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம் என்பதால், அங்கே வீரர்கள் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டோ தூக்கிக்கொண்டோதான் போக வேண்டும். உலக சாம்பியனும் அங்கே நடராஜா சர்வீஸ்தான்!

நண்பரின் பெயரோடு ஓடிய அணி

கேப் எபிக் வரலாற்றில் மறக்க முடியாத ஜோடி, சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டோஃப் சாஸரும் தென்னாப்பிரிக்காவின் பர்ரி ஸ்டாண்டரும். சாஸர் 2008-ல் உலக சாம்பியன் பட்டம் வென்றவர். ஸ்டாண்டர் அவரைவிடப் பதினோரு வயது இளையவர். இருவரும் சேர்ந்து 2011, 2012 என அடுத்தடுத்து இரண்டு முறை ஜெயித்தார்கள். சொந்த நாட்டுப் பந்தயத்தில் ஆண்கள் பட்டத்தை வென்ற முதல் தென்னாப்பிரிக்கர் ஸ்டாண்டர்தான்.

2013 ஜனவரி 3 அன்று, தன் ஊருக்கு அருகே சாலையில் பயிற்சி செய்துகொண்டிருந்த ஸ்டாண்டர் மீது வேன் ஒன்று மோதியது. அவர் இறந்தபோது வயது 25.

அடுத்த பந்தயத்துக்கு மூன்று மாதம்கூட இல்லை. சாஸர் கலந்துகொண்டார். லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றிருந்த செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி, காலியான அந்த இடத்தில் ஜோடி சேர்ந்தார். அணியின் பெயர் 'பர்ரி ஸ்டாண்டர் - சோங்கோ'. ஸ்டெல்லன்போஷ் நகரை ஒட்டிய கயமண்டி குடியிருப்பில், ஏழைச் சிறுவர்களுக்கு சைக்கிள் பயிற்சியும் படிப்பும் கிடைப்பதற்காக சாஸர் தன் உள்ளூர் நண்பருடன் சேர்ந்து தொடங்கிய அமைப்புதான் சோங்கோ. அந்த ஆண்டும் அந்த அணிதான் ஜெயித்தது.

ஜோடியாக வென்றார்கள், எதிரெதிராக மோதினார்கள்

பெண்கள் பிரிவில் ஐந்து முறை வென்றவர், டென்மார்க்கின் அன்னிகா லாங்வாட். படிப்பால் பல் மருத்துவர். 2018-ல் இவருக்கு ஜோடியாக வந்தவர், 22 வயது அமெரிக்கப் பெண் கேட் கோர்ட்னி. எட்டு நாள் பந்தயம் அவருக்குப் புதிது. அனுபவசாலியான லாங்வாட் பக்கத்தில் இருக்க, இருவரும் பட்டம் வென்றார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் சுவிட்சர்லாந்தில் உலக சாம்பியன் போட்டி. இந்த முறை ஆளுக்கு ஆள் எதிரி. முன்னிலையில் இருந்த லாங்வாட் கடைசிச் சுற்றில் சறுக்கி விழ, பின்னால் வந்த கோர்ட்னி கடந்து போய்த் தங்கம் வென்றார். லாங்வாட்டுக்கு வெள்ளி. மார்ச் மாதத்தில் காத்திருக்க வேண்டும், செப்டம்பரில் காத்திருக்கக் கூடாது. இரண்டுமே விளையாட்டின் நியாயம்தான்.

நண்பருடன் கிளம்பும் முன்...

கேப் எபிக் வரை போக வேண்டியதில்லை. நண்பருடன் இரண்டு நாள் சைக்கிள் பயணம் கிளம்பினாலும் இந்தப் பாடங்கள் பொருந்தும்.

* எதற்காகப் போகிறோம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஒருவருக்கு வேகம் முக்கியம், இன்னொருவருக்குப் பத்திரமாக முடித்தால் போதும் என்றால் பாதி வழியில் மனஸ்தாபம் நிச்சயம்.

* முன்கூட்டியே நான்கைந்து நீண்ட பயணங்களைச் சேர்ந்தே செய்து பாருங்கள். நண்பர் களைத்தால் எப்படி நடந்துகொள்வார் என்பது காபி கடையில் தெரியாது.

* மெதுவாகப் போகிறவர் முன்னால் போகட்டும். வேகம் தானாகவே சரியாகிவிடும்.

* மேட்டில் காத்திருந்தால், நண்பர் வந்த பிறகு அவருக்கும் ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

* முடியவில்லை என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். பத்து நிமிடம் முன்பே சொன்னால் வேகத்தைக் குறைத்தால் போதும். சொல்லாமல் விட்டால் இருவரும் சாலையோரம் உட்கார வேண்டியதுதான்.

* ஒருவர் கைவிட நேர்ந்தால் மற்றவர் தொடரலாமா என்பதையும் வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். கேப் எபிக்கில் கூட்டாளி விலகினாலும் மற்றவர் தொடர்ந்து ஓட்டலாம். ஆனால், அணியாக அவர்கள் பெயர் முடிவுப் பட்டியலில் வராது.

கேப் எபிக்கை மூன்று முறை முடித்தவர்களை 'அமாபுபேசி' என்ற குழுவில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஜூலு மொழியில் 'சிங்கங்கள்' என்று அர்த்தம். ஆனால், அந்தச் சிங்கங்களில் யாருமே அதைத் தனியாகச் சாதித்துவிடவில்லை. ஒவ்வொருவருக்கும் பின்னால், மேட்டில் காத்திருந்த ஒருவரோ, மூச்சு வாங்க வந்து சேர்ந்த ஒருவரோ கட்டாயம் இருக்கிறார்.