கோட்டைத் தாண்டாத போர்

1999 மே 25 அன்று டெல்லியில் பிரதமர் வாஜ்பாய் தலைமையில் கூடிய பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு, கார்கில் மலைகளில் ஊடுருவியிருந்தவர்களை விரட்ட விமானப் படையைப் பயன்படுத்த அனுமதி அளித்தது. கூடவே ஒரு கண்டிப்பான நிபந்தனை: எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது.

1965-ஐ நினைத்துப் பார்த்தால்தான் இந்த முடிவின் கனம் புரியும். அன்று சாம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் முன்னேறியபோது, லால் பகதூர் சாஸ்திரியின் அரசு செப்டம்பர் 6-ல் சர்வதேச எல்லையையே கடந்து லாகூர் பக்கம் படையை அனுப்பியது. ஓரிடத்தில் நெருக்கினால் வேறிடத்தில் திருப்பி அடிக்கும் அந்த வழியைக் கார்கிலில் ஏன் கையில் எடுக்கவில்லை? 1998 மே மாதம் இரு நாடுகளும் அணுகுண்டு சோதனை நடத்தியிருந்தன. மலையில் இருப்பவர்கள் தங்கள் ராணுவத்தினர் அல்ல, முஜாஹிதீன்கள் என்று பாகிஸ்தான் சாதித்துக்கொண்டிருந்தது. இந்தியாவும் கோட்டைக் கடந்திருந்தால், அத்துமீறியது யார் என்பதே உலகின் கண்ணில் குழம்பிப் போயிருக்கும்.

போர்முனையில் இந்தக் கட்டுப்பாடு உயிரைக் கேட்டது. டோலோலிங் உச்சியில் இருந்த ஊடுருவல்காரர்களுக்கு, கீழே ஸ்ரீநகர்–லே நெடுஞ்சாலை அப்படியே தெரிந்தது. சாலையில் போகும் லாரிகளைக் குறிவைக்க முடிந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் சுற்றிப் போய் அவர்களுடைய உணவும் தோட்டாவும் வரும் வழியை அறுக்க நம் வீரர்களுக்கு அனுமதி இல்லை. ஒளிய ஒரு மரம்கூட இல்லாத சரிவில், மூச்சுத் திணறும் உயரத்தில், இரவில் ஏறினார்கள். ஜூன் 13-ல்தான் டோலோலிங் கைக்கு வந்தது. படாலிக் பகுதியில் மே 29-ல் வீரமரணம் அடைந்த திருச்சி மேஜர் சரவணனின் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேலானது. இந்தப் போரில் இந்தியா இழந்த வீரர்கள் 527 பேர்.

பலன் கிடைத்தது. ஜூனில் ஜி-8 நாடுகள் கோட்டை மதிக்கச் சொல்லின. ஜூலை 4-ல் வாஷிங்டனில் அமெரிக்க அதிபர் கிளின்டனைச் சந்தித்த பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீப், படைகளைத் திரும்பப் பெற இசைந்தார். வாஜ்பாய் அரசின் முடிவு சரியானதே. அதற்கு விலை கொடுத்தவர்கள் மலையேறிய வீரர்கள்.

ஊடுருவல் முன்கூட்டியே தெரிந்திருந்தால் இந்த விலையே தேவைப்பட்டிருக்காது. உளவுத் துறையின் குறைகளை ஆராய்ந்தது, திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையிலான மறுஆய்வுக் குழு. அதன் அறிக்கை சில பகுதிகள் நீக்கப்பட்டு 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. நீக்கிய பகுதிகளில் இன்றைய பாதுகாப்பைப் பாதிக்காதவற்றையாவது அரசு மக்கள் முன் வைக்க வேண்டும்.