உங்களுக்குத் தெரியுமா? வல்வைப் பக்கத்து எஞ்சினியர்கள்!

1930-இல் வல்வை என்கிற வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஒரு கப்பல் எழுந்தது. வேப்பமரக் கப்பல்! பெயர் அன்னபூரணி. நீளம் 89 அடி. கட்டியவர்கள் எந்தப் பல்கலைக்கழகம்? ஒன்றுமே இல்லை. ஊர் மேத்திரிமார்!

அதைப் பிறகு ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். புதுப் பெயர் ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன். ஓட்டிப் போனவர்கள் வல்வை மாலுமிகள். 1938 ஓகஸ்டில் அது போய் நின்ற இடம், அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்!

இனிப் பக்கத்து ஊர் கம்பர்மலைக்கு வாருங்கள். 1934-இல் அங்கே பிறந்தவர் அழகையா துரைராசா. உடுப்பிட்டி அமெரிக்கன் மிஷன் கல்லூரி, பருத்தித்துறை ஹாட்லி, அதற்குப் பிறகு நேரே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம்!

பேராதனை என்று நினைத்தீர்களா? இல்லை! அந்தப் பீடம் 1950-இல் தொடங்கியது கொழும்பில். மலையேறியது 1960-களில்தான்!

கேம்பிரிட்ஜுக்குப் போன துரைராசா அங்கே என்ன ஆராய்ந்தார் தெரியுமா? களிமண்ணும் மணலும்! 1963-இல் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராசா மூவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஈரக் களிமண் எந்தச் சுமையில் தாங்காமல் நெகிழும் என்ற கணக்கு அது. 'கேம் களிமண் மாதிரி' பிறந்தது அங்கேதான். உலகமெங்கும் மண் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் இன்றும் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். அவர்கள் திட்டுகிற திட்டில் மூன்றில் ஒரு பங்கு கம்பர்மலைக்கு!

அதே மனிதர் பேராதனையில் பொறியியல் பீடாதிபதியாகவும் இருந்தார். 1988-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். போர்க்காலம், பெற்றோல் தட்டுப்பாடு. துணைவேந்தரின் வாகனம் என்ன? சைக்கிள்!

எஞ்சினியர் கனவு அவரோடு நிற்கவில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளில் ஏ.எல். பிள்ளையிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. மற்ஸா, பயோவா? மற்ஸ் என்றால் எஞ்சினியர். பயோ என்றால் டொக்டர். பிள்ளைக்கு என்ன விருப்பம் என்கிறீர்களா? அந்தப் பாடத்துக்கு ரியூசன் இல்லை!

இந்த எஞ்சினியர் கனவுக்கு விழுந்த அடியின் கணக்கைப் பாருங்கள். 1971 பல்கலைக்கழக அனுமதி. பேராதனை எஞ்சினியரிங். மொத்தப் புள்ளி 400. சிங்கள மொழிமூலம் எழுதியவருக்கு 227 போதும். தமிழ் மொழிமூலம் எழுதியவருக்கு 250! பரீட்சை ஒன்றுதான், வாசற்படி இரண்டு. இடைவெளி 23 புள்ளி!

ஆனாலும் கணக்கை விடவில்லை! வல்வைச் சிதம்பராக் கல்லூரி தொடங்கியது 1896-இல். இன்று அதன் பெயரில் ஒரு கணிதப் போட்டி நடக்கிறது. எங்கே? பிரித்தானியாவில்! நடத்துவது புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள். எழுதுவது ஆரம்ப வகுப்புக் குஞ்சுகளும்தான்!

கடைசியாக ஒன்று. இதற்குத்தான் நான் வாயைப் பிளந்தேன். கம்பர்மலையார் கேம்பிரிட்ஜில் களிமண்ணை அளந்தாரே, அவர் தலைமை தாங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அப்போது பொறியியல் பீடமே இல்லை! அவர் 1994-இல் காலமானார். பீடத்துக்கு முதல் மாணவர்கள் வந்தது 2014-இல், அதுவும் கிளிநொச்சி அறிவியல் நகரில். பல்கலைக்கழகத்தின் தொடக்கமான யாழ்ப்பாண வளாகம் திறந்ததோ 1974-இல். எண்ணிப் பாருங்கள். 40 வருடம்!