வெள்ளை பூக்கும் ரிம்கள்

பழைய காரோ மோட்டார் சைக்கிளோ வாங்கப் போகும்போது முதலில் நம் கண்ணைப் பறிப்பது எது? கண்ணாடிபோல் மின்னும் ஸ்போர்ட்ஸ் ரிம்மும், முகம் பார்க்கலாம் என்னும்படி மெருகேற்றிய எஞ்சின் மூடியுந்தான். ஒரு மழைக்காலம் போகட்டும், மறுபடி பாருங்கள். மின்னிய இடத்தில் சுவரில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளை மாவு படிந்திருக்கும். துடைத்தால் அடியில் ஊசியால் குத்தியதுபோல் கரும்புள்ளிகள். "அலுமினியம் துருப்பிடிக்காது என்றாரே!" என்று விற்றவரை ஏசுவோம். அவர் சொன்னது பொய்யில்லை. துரு இரும்புக்கு வருவது. அலுமினியத்துக்கு வருவது அரிப்பு.

அலுமினியத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. காற்றுப் பட்ட கணமே அது தன்மேல் ஒரு மெல்லிய தோலைப் போர்த்திக்கொள்ளும். அந்தத் தோல் தலைமயிரின் பருமனில் பதினாயிரத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனாலும் வெறும் மழைநீரும் காற்றும் அதைத் தாண்டி உள்ளே போவது கடினம். கீறினால் மறுபடி வளரும். இந்தத் தோலைக் கரைக்கும் பொருள்கள் மூன்று: புளிப்பு, காரம், உப்பு.

தாய்மார்களுக்கு இது புதிதல்ல. அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை இரவு முழுவதும் விட்டுவைத்தால் காலையில் சட்டி என்ன ஆகிறது? நிறம் மாறி, சொரசொரப்பாகி, நாளடைவில் குழி விழுகிறதல்லவா? ரிம்முக்கு நேர்வதும் அதுதான்.

நம் தோட்டப்புறத்திலோ இந்த மூன்றுக்கும் பஞ்சமே இல்லை. ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் ஒரு புளிப்பு. அந்த வாளியை மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு போனால் சிந்தும் ஒவ்வொரு சொட்டும் எஞ்சின் மூடியில்தான் விழும். சுண்ணாம்பும் சிமெண்டும் காரம். வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நாளில் வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள். எல்லாவற்றிலும் மோசம் உப்பு. உப்பென்றால் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை என்று எண்ணிவிட வேண்டாம். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் இருக்கிறதே, அதன் எடையில் ஏறக்குறையப் பாதி குளோரைடு. சமையல் உப்பில் இருப்பதும் இதே குளோரைடுதான். இது அந்தத் தோலை ஊசிமுனையளவு துளைத்து, உள்ளே குழி பறிக்கும். உர மூட்டை ஏற்றிய வண்டியை அன்று மாலையே தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் விட்டால், இரவுப் பனியில் உரத்தூள் கரைந்து தன் வேலையைத் தொடங்கிவிடும்.

சரி, எப்படிக் கழுவுவது? ரிம்மும் எஞ்சினும் நன்றாக ஆறிய பிறகு, நிழலில் வைத்து, முதலில் வெறும் தண்ணீரை விட்டு மணலையும் பிரேக் தூளையும் போக்குங்கள். பிறகு கார் கழுவும் சவர்க்காரத்தைத் தண்ணீரில் கலந்து மெல்லிய துணியால் தேய்க்கலாம். சட்டி விளக்கும் அடுப்புச் சாம்பல் வேண்டாம், அது காரம். காஸ்டிக் சோடாவைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அது அலுமினியத்தை நுரை பொங்கக் கரைத்துவிடும். இரும்பு நார் போட்டுத் தேய்ப்பாரும் உண்டு. அதன் துணுக்குகள் ரிம்மில் ஒட்டிக்கொண்டு துருப்பிடித்துச் செம்புள்ளியாகும். கழுவிய பின் துடைத்து ஈரம் போக்குவதும் கழுவுவதைப் போலவே முக்கியம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ரிம்மை நொடியில் வெளுப்பாக்கும் என்று சில கடைகளில் விற்கும் ஆசிட்டில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்திருப்பதுண்டு. நீர்த்த நிலையில் இது கையில் பட்டால் உடனே எரியாது. சில மணி நேரம் கழித்தே வலிக்கத் தொடங்கும். அதற்குள் தோலைக் கடந்து எலும்புவரை போயிருக்கும். பட்டுவிட்டால், வலி இல்லையென்றாலும் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பிள்ளைகள் விளையாடும் வாசலில் அப்படிப்பட்ட போத்தல் எதற்கு? பழைய சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள்.

அடுத்தது மெருகு. அதற்கு முன்பு உங்கள் ரிம் வெறும் அலுமினியமா, மேலே லாக்கர் அடித்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணில் படாத ஒரு மூலையில், உலோகம் தேய்க்கும் பாலிஷைச் சிறிது வைத்து வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணி கறுத்தால் வெறும் அலுமினியம். கறுக்காவிட்டால் மேலே லாக்கர் இருக்கிறது. அதை உலோகப் பாலிஷால் தேய்ப்பது, நம் குடையை நாமே கிழிப்பது போலாகும். லாக்கர் ரிம்முக்குக் கழுவலும் மெழுகும் போதும். கல் பட்டு லாக்கர் பெயர்ந்திருந்தால் அந்த ஓட்டை வழியே ஈரம் புகுந்து, அடியில் புழு ஊர்ந்த தடம்போல் வெள்ளைக் கோடுகள் ஓடும். அப்போது மேலே மெழுகு பூசிப் பயனில்லை. லாக்கரை எடுத்துவிட்டுத்தான் சரி செய்ய முடியும்.

வெறும் அலுமினியமானால் பாலிஷ் போட்டு, பாலிஷின் மிச்சம் ஒட்டாமல் துடைத்தெடுத்து, அன்றே கார் மெழுகை மெலிதாகப் பூசுங்கள். காய்ந்ததும் துடைத்துவிட்டு இன்னொரு பூச்சு. பளபளப்போடு நிறுத்திவிட்டு மெழுகை மறப்பவர்களே அதிகம். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை போடலாம். சூடேறும் எஞ்சின் மூடியில் மெழுகு சீக்கிரம் போய்விடும். அங்கே அடிக்கடி போட வேண்டும். மெருகேற்றிய ரிம்முக்கு நாமே லாக்கர் தெளிப்பதை நான் சொல்ல மாட்டேன். வழவழப்பில் அது சரியாகப் பிடிக்காமல் பிறகு தோல் உரியும். ஒன்று கவனம்: மெழுகோ எண்ணெயோ பிரேக் தட்டில் ஒரு சொட்டும் படக்கூடாது. அழகுக்காக உயிரைப் பணயம் வைப்பதா?

அழகு இருந்தாலென்ன, போனாலென்ன என்பவர்களும் இதைக் கேட்க வேண்டும். டியூப் இல்லாத டயர், ரிம்மின் ஓரத்தில் அழுந்தி உட்கார்ந்துதான் காற்றைப் பிடித்து வைக்கிறது. அந்த ஓரத்தில் அரிப்பு ஏறினால் காற்று மெல்லக் கசியும். ஆணி குத்தியிராது, ஆனாலும் வாரம் ஒருமுறை காற்று நிரப்ப வேண்டியிருக்கும். காற்றுக் குறைந்த டயர் சூடேறி நெடுஞ்சாலையில் வெடிக்கவும் கூடும். அடுத்த முறை டயர் மாற்றும்போது கடைக்காரரை ரிம்மின் உள் ஓரத்தைக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளை மாவு இருந்தால் சுத்தம் செய்துவிட்டுப் புது டயரைப் போடச் சொல்லுங்கள். ஓரத்தில் கொக்கிபோல் மாட்டும் எடைக்குப் பதிலாக உட்புறம் ஒட்டும் எடையைக் கேளுங்கள். கொக்கி கீறிய இடத்தில்தான் பெரும்பாலும் அரிப்பு தொடங்குகிறது.